ஆற்றிக் குடிக்கலாம்: குமரி மாவட்ட வீடுகளில் ஒயின் சுவைக்க ஒரு வழிகாட்டி

'ஒயின்ஷாப்' என்ற சொல் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் ஒயின் கேட்பவர்கள்தான் அபூர்வம். கிறிஸ்துமஸ் ராத்திரி கேக்கோடு ஒரு வாய் என்பதைத் தாண்டிப் பழக்கமில்லாத வீடுகளே குமரி மாவட்டத்தில் அதிகம். ஆசைப்பட்டு வாங்கிய முதல் பாட்டில் ஒரு மாதம் அலமாரியில் இருக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேனுக்கு அடியில் திறந்து, ஸ்டீல் டம்ளரில் நிரம்ப ஊற்றி, "புளிக்குது, தொண்டையைப் பிடிக்குது, இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டதோடு பலருக்கு அந்த ஆசை முடிந்துபோகிறது. பெரும்பாலும் பாட்டிலில் குற்றம் இருக்காது. சூடு, டம்ளர், ஆற்றாமல் குடித்தது, இந்த மூன்றில் ஒன்றோ மூன்றுமோதான் காரணம்.

முதலில் ஒன்று. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. இந்தக் கட்டுரையும் அவர்களுக்கானது இல்லை. கர்ப்பிணிகளும் தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தொட வேண்டாம். பன்னீர் திராட்சையும் சீனியும் ஈஸ்ட்டும் பரணியில் போட்டு வீட்டிலேயே ஊறவைப்பது பற்றி இங்கே எதுவும் இல்லை. உரிமம் இல்லாமல் செய்தால் அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவருவதும் வழக்கில் போய் முடியலாம். கடையில் முறையாக வாங்கிய பாட்டிலை வீட்டில் எப்படிக் கெடுக்காமல் குடிப்பது என்பதே பேச்சு.

சூடுதான் முதல் எதிரி

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறச் சொல்லுவார்கள். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு அறை. 16, 18 டிகிரிதான் இருக்கும். நாகர்கோவிலில் ஏப்ரல் மாத ராத்திரி, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை சாதாரணமாக 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பழ வாசம் அதற்குள் அமுங்கிப்போகும், நாக்கில் காரம் போல ஒரு எரிச்சல் வரும்.

ஆகவே ஒயினை ஊற்றி ஆற்றுகிற கண்ணாடி ஜாடியான டிகேன்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு சமையலறைத் தெர்மாமீட்டர் வாங்குங்கள். கனமான சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி, லேசான சிவப்புக்கு 13, 14. வெள்ளைக்கு 8 முதல் 12. நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8. நம் வீட்டில் ஊற்றும்போது இதைவிட இரண்டு டிகிரி குறைவாகவே ஊற்றலாம்; கிளாஸைக் கையில் எடுத்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அது தானாக ஏறிவிடும்.

30 டிகிரியில் இருக்கிற சிவப்புப் பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் பதம் கிட்டத்தட்ட வந்துவிடும். விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால் வாளிதான் வழி: பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு, பாட்டில் கழுத்து வரை மூழ்க வேண்டும். சிவப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், வெள்ளைக்கு இருபத்தைந்து. வெறும் ஐஸை மட்டும் கொட்டினால் கட்டிகளுக்கு இடையில் காற்று நிற்கும், பாட்டில் குளிர நேரம் பிடிக்கும். தண்ணீர்தான் குளிர்ச்சியைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கிறது. உப்பு, ஐஸ் தண்ணீரைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கும். மீன் வண்டிக்குப் போடுகிற ஐஸை வாங்கிப் போட்டாலும் மூடிய பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வாடை துடைக்கிற துவர்த்தில் ஏறி, அதிலிருந்து கிளாஸுக்கு வரும். வேண்டாம்.

ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்தால் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளும், சில நேரம் பாட்டிலே விரிசல் விடும்.

வாங்கிய அன்றே குடிக்கப் போவதில்லை என்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுதான் நம் வீடுகளில் பாதுகாப்பான இடம். பரண், அடுக்களை மேல்தட்டு, காரின் டிக்கி மூன்றும் ஆகாது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே நெட்டும், பிறகு குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். கடையில் எடுக்கும்போதே கழுத்தைத் தடவிப் பாருங்கள். கார்க் வாய்க்கு மேலே புடைத்திருந்தாலோ, உறைத்தாளுக்குக் கீழே பிசுபிசுப்போ கசிந்த கோடோ இருந்தாலோ அந்தப் பாட்டில் வெயிலில் கிடந்தது. திருகுமூடிப் பாட்டிலில் இந்த அடையாளம் எல்லாம் எளிதில் தெரியாது. வெயில் படுகிற ஷோகேஸில் நிற்பதை எடுக்காமல் உள்ளிருந்து ஒன்று கேளுங்கள்.

எதை வாங்குவது? தொடங்குகிறவர்களுக்கு நாசிக் பக்கத்து ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒன்று, ஷிராஸ் என்ற சிவப்பு ஒன்று போதும். நாசிக்கில் சுலா, சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃபிராடெல்லி, பெங்களூரு பக்கம் நந்தி மலையடிவாரத்தில் குரோவர் சாம்பா என்று நம் நாட்டிலேயே நல்ல திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. 'போர்ட்' என்று எழுதிய மலிவான இனிப்பு வகையில் தொடங்க வேண்டாம். அதில் சீனி எல்லாவற்றையும் மூடிவிடும், நாக்கு எதையும் கற்றுக்கொள்ளாது. வெள்ளையில் கூடுமானவரை புதிய வருடத்துப் பாட்டிலைப் பாருங்கள்.

திறப்பதும் ஊற்றுவதும்

திருகுமூடிக்கு வித்தை எதுவும் தேவையில்லை. கார்க் பாட்டிலுக்கு, ஹோட்டல் பரிமாறுபவர்கள் பையில் வைத்திருக்கும் இரட்டைப் படி மடக்குத் திருகாணி போதும். இறக்கை இரண்டு விரிகிற பெரிய வகையில் பல, துளைக்கும் கம்பி பருத்திருப்பதால் கார்க்கின் நடுவைத் தூளாக்கும். கம்பியின் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளி இருந்தால் அது நல்ல திருகாணி.

வாயின் கீழ் விளிம்புக்கு அடியில் உறைத்தாளை வெட்டுங்கள். மேலே கறுத்துப் பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் அது சகஜம். முனையை நடுவில் சற்றுச் சாய்த்துக் குத்தி, நிமிர்த்தி, ஒரு சுற்று மட்டும் வெளியே தெரியும்வரை திருகுங்கள். முதல் படியை வாயில் ஊன்றி நெம்புங்கள், பிறகு இரண்டாம் படி. கடைசி அரை அங்குலத்தைக் கையால் ஆட்டி எடுங்கள். பாதியில் ஒடிந்தால் மிச்சத்தில் சாய்வாகக் குத்தி மெல்ல இழுங்கள். அதுவும் நொறுங்கினால் உள்ளே தள்ளிவிட்டு, ஸ்டீல் வடிகட்டியில் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்து வடித்துவிடலாம். அந்தத் துணியை வாசனைச் சோப்புத்தூளில் துவைத்திருந்தால் முதலில் வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள்.

நுரைக்கும் ஒயினை நன்றாகக் குளிரவைக்காமல் திறந்தால் பாதி தரையில்தான். கம்பிக்கூட்டை ஆறு அரைச்சுற்றில் அவிழ்த்து, கட்டைவிரலை எடுக்காமல் கார்க்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் பாட்டிலைத் திருப்புங்கள். சத்தம் வராமல் திறப்பதுதான் சரி.

கிளாஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். தண்டு வைத்த, வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகிய, 350 முதல் 450 மில்லி பிடிக்கிற ஒரே அச்சுக் கண்ணாடி ஆறு இருந்தால் வெள்ளைக்கும் சிவப்புக்கும் அதுவே போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி இடம் வாசத்துக்கு. பரிமாறுவதற்கு முன் ஒவ்வொரு கிளாஸிலும் மூக்கை விட்டுப் பாருங்கள். அந்துருண்டை போட்ட அலமாரியிலோ ஈர மரத்தட்டிலோ கவிழ்த்து வைத்த கிளாஸ், அந்த வாடையை வயிற்றுக்குள் பிடித்து வைத்திருக்கும். எத்தனையோ நல்ல ஒயின் அதனாலேயே கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. உப்புக்கிணற்றுத் தண்ணீரில் கழுவி வெள்ளை பூத்திருந்தால் வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முறை அலசலாம்.

ஆற்றுவது எதற்கு

சாயாக்கடை மாஸ்டர் ஆற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டிகேன்டரை விளக்கத் தேவையில்லை. அவர் ஆற்றுவது சூடு தணியவும் நுரை கட்டவும்; ஒயினை ஆற்றுவது வாசம் தெளிய. பல மாதம் காற்றில்லாமல் அடைந்து கிடந்த ஒயினில் கந்தகச் சேர்மங்கள் கொஞ்சம் தங்கியிருக்கும். திறந்த உடனே எரிந்த தீக்குச்சி, அவித்த முட்டை, ரப்பர் ஷீட் புகைக்கிற கூடத்து வாடை என்று ஏதாவது அடித்தால் அதுதான். காற்றுப் பட்டால் அதில் ஒரு பகுதி ஆவியாகிப் பறக்கும். பின்னால் மறைந்து நின்ற பழமும் மசாலாவும் அப்போது முன்னால் வரும்.

துவர்ப்பு ஆற்றினால் போய்விடும் என்று சொல்வது பாதி உண்மை. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிற அந்த இளம்பாக்குத் துவர்ப்பு ஒரு மணி நேரத்தில் அப்படியொன்றும் உருமாறாது. வாசம் திறந்துகொள்வதால் நாக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவே.

அகன்ற அடியுள்ள ஒன்றரை, இரண்டு லிட்டர் கண்ணாடி ஜக் இருந்தால் அதுதான் டிகேன்டர். 750 மில்லியை அதில் ஊற்றும்போது ஒயின் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். உயரமான, ஒடுங்கிய ஜக்கில் ஊற்றினால் காற்றுப் படுகிற மேற்பரப்பு உள்ளங்கை அளவே இருக்கும். ஒரு சாண் உயரத்திலிருந்து, சுவரில் வழியும்படி ஊற்றுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடாது; ஒயினின் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

ஷிராஸ், கேபர்னே போன்ற வயது குறைந்த சிவப்பு ஒயினுக்கு முக்கால் மணி நேரம் போதும். அன்றாட மலிவுச் சிவப்புக்கு இருபது நிமிடம். வெள்ளைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. நுரைக்கும் ஒயினைத் தொடவே வேண்டாம். பதினைந்து இருபது வருடப் பழைய பாட்டில் கைக்கு வந்தால் எதிர்மாறாகச் செய்ய வேண்டும். முந்தின நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை இறங்கவிடுங்கள். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நூல் போல ஊற்றி, கலங்கல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்தி, உடனே குடித்துவிட வேண்டும். வயதானதை அதிகம் ஆற்றினால் வாசம் அரை மணியில் ஓடிவிடும்.

இங்கேயும் சூடு குறுக்கே வரும். 16 டிகிரியில் ஜக்கில் ஊற்றிய சிவப்பு, 30 டிகிரி அறையில் அரை மணி நேரம் நின்றால் 20-ஐத் தாண்டிவிடும். ஜக்கை ஒரு உருளியில் நிறுத்தி, சுற்றிலும் இரண்டு அங்குலத் தண்ணீரும் நாலைந்து ஐஸ் கட்டியும் போட்டு வையுங்கள்.

பாட்டிலின் வாயில் செருகுகிற சின்ன ஏரேட்டர் வேலை செய்கிறது. ஒடுங்கிய இடத்தில் ஒயின் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பக்கத்துத் துளை வழியே காற்று உள்ளே இழுபடும். 'களக் களக்' என்ற சத்தம் அதுதான். ஒருவர் ஒரு கிளாஸ் மட்டும் குடிக்கிற அன்றைக்கு இது வசதி. துளையைக் கழுவாமல் வைத்தால் மறுநாள் காலையில் எறும்பு வரிசை வைத்திருக்கும். மின்சார ஏரேட்டர், காந்தம் வைத்த வளையம், இதெல்லாம் காசைக் கரைக்கிற வழி.

நேத்தன் மிர்வால்ட் என்ற அமெரிக்கர் ஒயினை பிளெண்டரில் போட்டு அடிக்கலாம் என்றார். அறிவியல் சரிதான். ஆனால் நம் மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தில் தேங்காய், உள்ளி, வத்தல் மிளகாய் மூன்றின் வாசமும் குடியிருக்கிறது.

எத்தனை ஆற்றியும் முட்டை வாடை போகவில்லையா? சுத்தமான வெள்ளிக் கரண்டியைக் கிளாஸில் விட்டு அரை நிமிடம் கலக்குங்கள். வெள்ளி கறுப்பதற்குக் காரணமான அதே கந்தகத்தைக் கரண்டி பிடித்துக்கொள்ளும்.

நண்பர்களோடு முதல் சுவைப்பு

பல வகை பாட்டில்களை வாங்கி அடுக்குவதை விட, ஒரே ஷிராஸை மூன்று விதமாகச் சுவைப்பதுதான் முதல் மாலைக்கு நல்ல பாடம். ஆறு பேருக்கு ஒரே தயாரிப்பு, ஒரே வருடத்துப் பாட்டில் இரண்டு போதும்.

1. இரண்டையும் மாலை நாலரைக்கு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறு மணிக்கு ஒன்றைத் திறந்து ஜக்கில் ஊற்றி உருளியில் நிறுத்துங்கள். மற்றது மூடியபடி ஐஸ் போடாத குளிர்ந்த தண்ணீரில் நிற்கட்டும்.

2. கிளாஸ்களின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் அ, ஆ, இ என்று எழுதுங்கள். ஆளுக்கு மூன்று, மொத்தம் பதினெட்டு. இல்லாவிட்டால் எல்லாரும் வீட்டிலிருந்து மூன்று கொண்டுவரட்டும். ஆனால் ஒருவருடைய மூன்றும் ஒரே அச்சாக இருக்க வேண்டும்.

3. ஆறே முக்காலுக்கு மூடிய பாட்டிலைத் திறந்து, அதிலிருந்து நேராக 'அ' கிளாஸ்களிலும், ஏரேட்டர் வழியாக 'ஆ' கிளாஸ்களிலும், ஜக்கிலிருந்து 'இ' கிளாஸ்களிலும் 50 மில்லி ஊற்றுங்கள். மருந்துக் குப்பியின் அளவு மூடி இதற்குக் கைகொடுக்கும். ஊற்றுகிறவரைத் தவிர யாருக்கும் எது எதுவென்று தெரியக் கூடாது.

4. முதலில் கிளாஸை அசைக்காமல் முகருங்கள். பிறகு மேசையில் வைத்தபடியே சுழற்றி முகருங்கள். ஒரு வாய் எடுத்துப் பத்து விநாடி நாக்கெங்கும் உருட்டுங்கள். வாய்க்குள் கொஞ்சம் காற்றை உறிஞ்சினால் வாசம் தொண்டை வழியே மூக்குக்கு ஏறும்.

5. பேசாமல் எழுதுங்கள். ஒருவர் 'மல்லிகை' என்று வாய் திறந்தால் ஐந்து பேருக்கும் மல்லிகைதான் வரும்.

பலர் 'இ'யைத் தேர்ந்தெடுப்பார்கள். 'அ' பிடித்தது என்று ஒருவர் சொன்னால் அதுவும் தப்பில்லை. சில ஷிராஸ் திறந்த உடனே துடிப்பாக இருக்கும், ஆற்றினால் மந்தமாகும்.

அறையில் கொசுவத்தி, ஊதுபத்தி, பிச்சிப்பூ மூன்றும் இருக்கக் கூடாது. முகருகிற நேரத்தில் ஃபேனை நிறுத்துங்கள். நாக்கைத் துடைக்க, அவித்து ஆறவைத்த மரச்சீனி நல்லது. உப்பு நாமமாத்திரம் போதும். ஏத்தங்காய் வத்தலைச் சுவைப்பு முடிந்த பிறகு கொண்டுவாருங்கள், தேங்காய் எண்ணெய் உதட்டிலும் கிளாஸ் விளிம்பிலும் பூசிக்கொள்ளும். துப்புவதற்குப் பழைய கோளாம்பியோ ஒரு சிறு வாளியோ வையுங்கள். ஒயின் சுவைக்கிற தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் துப்புகிறவர்கள்தான், அதில் அநாகரிகம் ஒன்றுமில்லை. மூன்று கிளாஸையும் விழுங்கினால் ஆளுக்கு 150 மில்லி. பைக்கில் வந்தவருக்கு அதுவே அதிகம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் சட்டம் பிடிக்கும்.

வாசத்துக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை என்பது எல்லோரும் சொல்கிற குறை. நம் மாவட்டத்தில் இதற்குப் பயிற்சிப் பெட்டி சும்மா கிடைக்கிறது. ஆறு சின்னப் பாட்டில்களில் ஆறு பொருள் போட்டு மூடி வையுங்கள். நசுக்கிய மிளகு: ஷிராஸில் வருகிற மிளகு வாசமும் நிஜ மிளகின் வாசமும் ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம். கிராம்பு: 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலையோரத்துக் கிராம்பின் யூஜினால் என்ற வாசச் சேர்மம், ஒயின் ஊறுகிற ஓக் மரப் பீப்பாயைத் தீயில் வாட்டும்போதும் உண்டாகிறது. துருவிய தேங்காய்: அமெரிக்க ஓக்கில் கிடந்த ஒயினில் இந்த வாசம் தெளிவாக வரும். பழுத்த மட்டிப்பழம்: இளம் ஒயின் சிலவற்றில் வருகிற வாழைப்பழ வாசத்துக்கு. அன்னாசித் துண்டு வெள்ளைக்கு, கருப்பட்டி வெயில் பட்ட சிவப்புக்கு. கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்கிற விளையாட்டை ஒரு பத்து நிமிடம் ஆடிவிட்டுக் கிளாஸுக்குப் போங்கள்.

மீனோடு எது

சிவப்பைச் சாளைப் பொரியலோடு குடித்துவிட்டு வாயில் இரும்பும் கவிச்சியும் அடிக்கிறது என்பவர்கள் சொல்வது கற்பனை இல்லை. ஒயினில் உள்ள இரும்பு, மீன் கொழுப்போடு சேர்ந்து அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது. சிவப்பில் பொதுவாக இரும்பு கூடுதல். தேங்காய் அரைத்த நெய்மீன் குழம்புக்கும் நெத்தோலி அவியலுக்கும் லேசான இனிப்புள்ள ஷெனின் பிளாங்க், நன்றாகக் குளிரவைத்து. புளிமுளத்துக்கு ஒயினே வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. அந்தப் புளிக்கு முன்னால் எந்த ஒயினும் தண்ணீராகிவிடும். மிளகு தூக்கலாகப் போட்ட மாட்டிறைச்சி வறுவலுக்கு ஆற்றிய ஷிராஸ். மிளகாய்க் காரம் கூடினால் ஆல்கஹால் அந்த எரிச்சலை இரட்டிப்பாக்கும் என்பதால் 14 சதவீதப் பாட்டிலை விட 12 சதவீதம் நல்லது. முந்திரிக்கொத்தோடு அந்த இனிப்புப் போர்ட்டை இப்போது எடுக்கலாம்.

ஆற்றியும் தேறாதவை

ஈரக் கோணிச்சாக்கு, நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டது. நேரம் ஆக ஆக அது கூடுமே தவிர போகாது. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடையும் பழுப்பு நிறமும் வந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. நகப்பாலிஷ் அல்லது காடி நெடி என்றால் வினிகர் ஆகத் தொடங்கிவிட்டது. இந்த மூன்றையும் ஆற்றிக் காப்பாற்ற முடியாது. கார்க்கின் அடியிலோ ஜக்கின் அடியிலோ மின்னுகிற கண்ணாடித் தூள் போன்ற படிகங்கள் மட்டும் குற்றமில்லை. அது திராட்சையின் உப்பு, குளிரில் படிந்தது.

மிச்சமும் கழுவலும்

மிஞ்சும் என்று முதலிலேயே தெரிந்தால், பாட்டிலைத் திறந்த கையோடு 375 மில்லிக் குப்பி ஒன்றில் வாய் வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காற்று இல்லாததால் அது ஒரு வாரம் கூடத் தாங்கும். பாதி காலியான பாட்டில் என்றால் சிவப்புக்கு இரண்டு மூன்று நாள், வெள்ளைக்கு மூன்று நாலு. சிவப்பும் ஃபிரிட்ஜில்தான். நுரைக்கும் ஒயின் மறுநாளே தட்டையாகும். வாயில் கரண்டி தொங்கவிடுவதால் பயனில்லை.

ஜக்கை அன்று ராத்திரியே கழுவுங்கள். சோப்பு வேண்டாம். கறை காய்ந்துவிட்டால் ஒரு கைப்பிடி பச்சரிசியும் கால் பாகம் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுச் சுழற்றினால் அரிசி மூலையெல்லாம் தேய்த்துக்கொடுக்கும். பிறகு இரண்டு முறை அலசி, அடியில் காற்றுப் போக ஒரு பக்கம் தூக்கினாற்போலக் கவிழ்த்து வையுங்கள். ஐப்பசி மழையில் இது காய ஒரு நாள் பிடிக்கும். மூடி வைப்பதற்கு முன் உள்ளே முகர்ந்து பாருங்கள். ஒரு வாசமும் வரக் கூடாது.